ஆங்கில நெடுஞ்சொற்களைப் பிரித்தறிதல்



தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழர்களுக்கு நாள்தோறும் மூன்று மொழிகளோடு பழக்கம் உண்டு. வீட்டில் தமிழ், கடைவீதியில் அந்த மாநிலத்தின் மொழி, அலுவலகம், வங்கி, மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகிய இடங்களில் பெரும்பாலும் ஆங்கிலம். இம்மூன்றனுள் நம்மை மிகுதியும் தயங்க வைப்பது ஆங்கிலமே என்றால் நேயர்களில் பலரும் ஒப்புக்கொள்வார்கள். அதிலும் சிறு சொற்கள் நமக்கு இடர் செய்வதில்லை. பத்து, பன்னிரண்டு எழுத்துக்களைக் கடந்து நீளும் சொற்களே வழிமறிக்கின்றன. பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டு வருகிறோம். அத்தகைய சொல் ஒன்று எதிர்ப்பட்டதும் குரல் தாழ்கிறது. அதன் தலைப்பகுதியை மட்டும் சொல்லி, மிச்சத்தை விழுங்கிவிட்டு அப்பால் சென்றுவிடுகிறோம்.

நெடிய சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அதனைப் பிரிக்கத் தெரிந்தால் போதும். பிரிக்கும் கலை தமிழர்களுக்குப் புதியதும் அன்று. ஆனால் பிரித்தலில் இரு வகை உண்டு. பொருளுக்காகப் பிரிப்பது ஒன்று; ஒலிக்காகப் பிரிப்பது மற்றொன்று. இவற்றில் எதில் தவறினாலும் இடர்ப்பட நேரும். நான் இடர்ப்பட்ட கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவது என் உத்தியோகம். சில ஆண்டுகளுக்கு முன், ஆற்று நீரின் தூய்மையைப் பற்றிய அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்தது. மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம். அதில் அம்மோனியா என்ற பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி இருந்தது. யு, என், ஐ, ஓ, என், ஐ, இஸட், ஈ, டி என்னும் ஒன்பது எழுத்துக்களால் ஆகிய சொல். தொழிலாளர் நலம் பற்றிய ஆவணங்களில் பலமுறை கண்ட சொல்தான். யூனியன் என்பது அதனுள்ளே தெளிவாகத் தெரிகிறது. ஆகவே சிறிதும் ஐயமின்றிச் ‘சங்கத்தில் சேர்ந்த அம்மோனியா’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் அந்தப் பக்கம் என்னிடமே திரும்பி வந்தது. என் மேலதிகாரி ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “எந்தச் சங்கம்? சந்தா எவ்வளவு?”

அந்த ஒன்பது எழுத்துக்களை யூனியன்-ஐஸ்டு என்று பிரித்தால் ‘சங்கம் சேர்ந்த’ என்று பொருள். அன்-அயனைஸ்டு என்று பிரித்தாலோ ‘அயனியாக மாறாத’ என்று பொருள். தண்ணீரில் கலந்த அம்மோனியாவில் ஒரு பங்கு அயனியாக மாறிவிடுகிறது. மாறாமல் நிற்கும் பங்கே மீன்களுக்குப் பெரிதும் நஞ்சாவது. அறிக்கை அதைத்தான் குறிப்பிட்டிருந்தது.

இதற்காக வெட்கப்பட்டேன், ஆனால் வியப்படைய எனக்கு நியாயம் இல்லை. நம் இலக்கண ஆசிரியர்கள் இத்தகைய சொற்களுக்குப் பொதுமொழி என்று பெயரே இட்டு வைத்திருக்கிறார்கள். தாமரை என்பது பிரியாமல் நின்றால் மலர். தா-மரை என்று பிரிந்தால் தாவுகின்ற மரை, அதாவது ஒருவகை மான். வேங்கை என்பது பிரியாமல் நின்றால் ஒரு மரம். பிரிந்தால் வேகின்ற கை. பள்ளியில் இவற்றை மனப்பாடம் செய்தபோது, இவற்றால் வாழ்க்கையில் என்ன பயன் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். நாற்பது வயதுக்கு மேல் அம்மோனியா எனக்கு அந்தப் பயனைக் கற்பித்தது.

இனி, பொருளுக்காகப் பிரிக்கும் முறையைப் பார்ப்போம். பவணந்தி முனிவர் நன்னூலில் பகுபதத்திற்கு ஆறு உறுப்புக்கள் சொன்னார்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். ‘நடந்தனன்’ என்ற சொல்லில் ‘நட’ என்னும் பகுதி செயலையும், ஈற்றில் உள்ள ‘அன்’ என்னும் விகுதி செய்தவன் ஆண் என்பதையும், இடையில் உள்ள ‘த்’ காலத்தையும் காட்டுகின்றன. இதே கண்ணோடு ஆங்கிலச் சொல் ஒன்றைப் பார்ப்போம். ‘இன்டர்நேஷனலைசேஷன்’ என்பது இருபது எழுத்துக்கள் கொண்ட சொல். இதை முழுதும் எழுதச் சலித்த கணினித் துறையினர், முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டு, இடையிலுள்ள எழுத்துக்களுக்குப் பதிலாக 18 என்ற எண்ணையே எழுதிவிடுகிறார்கள். நாம் அவ்வளவு சலிப்படைய வேண்டாம். ‘நேஷன்’ என்பது பகுதி. நாடு என்று பொருள். ‘அல்’ சேர்ந்தால் நாட்டிற்குரிய. முன்னால் ‘இன்டர்’ சேர்ந்தால் நாடுகளுக்கு இடைப்பட்ட. பின்னால் ‘ஐஸ்’ சேர்ந்தால் அவ்வாறு ஆக்கு. அதற்கும் பின்னால் ‘ஏஷன்’ சேர்ந்தால் ஆக்குதல். இருபது எழுத்துக்கள் ஐந்து துண்டுகளாகிவிட்டன. ஒவ்வொரு துண்டும் நமக்கு வேறு நூறு சொற்களில் மீண்டும் உதவும்.

இங்கே ஒரு வேற்றுமையை மறவாதிருக்க வேண்டும். தமிழ்ச்சொல் வால்பக்கமாகவே வளர்வது; ஆங்கிலச் சொல் தலைப்பக்கமாகவும் வளர்வது. எனினும் வடமொழியிலிருந்து வந்த சொற்களால் அந்த வழக்கமும் நமக்கு அறிமுகமானதே. நீதி, அநீதி, தலைவர், உபதலைவர் என்று நாம் சொல்கிறோம் அல்லவா? ‘அன்’, ‘இன்’, ‘சப்’ முதலிய ஆங்கில முன்னொட்டுக்கள் செய்யும் வேலையும் அத்தகையதே.

இன்னும் ஓர் ஒற்றுமை. ‘செம்மை’ என்பது தமிழோடு சேரும்போது செந்தமிழ் ஆகிறது. கதிரோடு சேரும்போது செங்கதிர் ஆகிறது. பொன்னோடு சேரும்போது செம்பொன் ஆகிறது. வரும் எழுத்துக்கு இனமான மெல்லெழுத்து வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்று பொருள்படும் ‘இன்’ என்பதும் இவ்வாறே வேடம் மாறும். பாசிபிள் என்பதோடு சேர்ந்தால் இம்பாசிபிள். லீகல் என்பதோடு சேர்ந்தால் இல்லீகல். ரெகுலர் என்பதோடு சேர்ந்தால் இர்ரெகுலர். மூன்றும் ஒரே முன்னொட்டுத்தான். புணர்ச்சி விதியைப் படித்த தமிழ் மாணவனுக்கு இதை விளக்க அரை நிமிடம் போதும்.

இந்த முறை எங்கே கைகொடுக்கும் என்று கேட்கலாம். பெரிய நகரத்து மருத்துவமனை ஒன்றில் நுழைந்து பாருங்கள். நீண்ட நடைகூடம், இருபுறமும் பலகைகள், எல்லாம் ‘லஜி’ என்று முடியும் பெயர்கள். ‘லஜி’ என்றால் துறை, அறிவியல் என்று கொள்ளலாம். தலையில் உள்ள துண்டை மட்டும் கிரேக்க மொழியிலிருந்து அறிந்துகொண்டால் போதும். கார்டியா இதயம், ஆகவே கார்டியாலஜி இதய மருத்துவம். நெஃப்ரோஸ் சிறுநீரகம், ஆகவே நெஃப்ராலஜி. டெர்மா தோல், ஆகவே டெர்மடாலஜி. நியூரோ நரம்பு, ஆகவே நியூராலஜி. ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இந்த நான்கு துண்டுகளும் வழிகாட்டும் பலகைகளே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. துண்டுகள் வழியைக் காட்டும், தீர்ப்பைச் சொல்லமாட்டா. நெடுஞ்சாலையில் செல்லும் எண்ணெய் லாரிகளின் பின்புறத்தில் ‘ஹைலி இன்ஃப்ளாமபிள்’ என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ‘இன்’ என்றால் இல்லை என்று இப்போதுதானே சொன்னேன். அவ்வாறாயின் இது எரியாத பொருள் என்று ஒருவர் முடிவு கட்டினால் என்னாகும்? உண்மையில் அது எளிதில் தீப்பற்றும் பொருள். இங்கே வரும் ‘இன்’ இன்மையைக் குறிப்பதன்று. தீ மூட்டுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் தலையாக வந்தது. இந்த மயக்கத்தைத் தவிர்க்கவே, ‘இன்’ நீங்கிய ‘ஃப்ளாமபிள்’ என்ற சொல்லைப் பல இடங்களில் எச்சரிக்கைப் பலகைகளில் இடுகிறார்கள். ஆகையால் பிரித்தறிந்த பொருளை அகராதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நன்று.

அடுத்தது, ஒலிக்காகப் பிரித்தல். ஆங்கிலத்தில் சிலபிள் என்பதை நாம் அசை என்கிறோம். செய்யுளில் நாம் அசை பிரிக்கும் முறைக்கும் இதற்கும் சிறு வேற்றுமை உண்டு. நம் நேரசை ஒரு சிலபிளுக்கு நிகர். நிரையசையில் இரண்டு சிலபிள்கள் அடங்கும். ‘பல்’ என்பது நேர், ஒன்று. ‘பலா’ என்பது நிரை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு. இவ்வளவே வேற்றுமை. எழுத்துக்களை எண்ணாமல் உயிரொலிகளை எண்ண வேண்டும் என்பதே விதி. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்ற சொல்லில் ஆங்கில எழுத்துக்கள் ஒன்பது, உயிரொலி ஒன்றே, ஆகவே ஓரசை. ‘ஏரியா’ என்ற சொல்லில் எழுத்துக்கள் நான்கே, அசைகளோ மூன்று.

ஒவ்வொரு மொழியினரும் ஆங்கிலச் சொல்லைத் தம் மொழியின் அசைக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது இயல்பு. மெய்யெழுத்துக்கள் இரண்டு சேர்ந்து முதலில் வந்தால் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் பலர் ‘இஸ்கூல்’ என்பார்கள். பஞ்சாபியர் பலர் ‘சகூல்’ என்பார்கள். நம்மவர் சொல்லின் ஈற்றில் உகரம் சேர்த்துப் ‘பேங்க்கு’ என்றும் ‘பஸ்ஸு’ என்றும் சொல்வோம். எவரும் எவரையும் பார்த்து நகைக்க இதில் இடமில்லை. ஆனால் ஓரசைச் சொல் நம் வாயில் ஈரசையாகிவிட்டது என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால், கேட்பவருக்குப் புரியாதபோது எங்கே பிழை நேர்ந்தது என்று நமக்கே புலப்படும்.

பொருட்பிரிவும் ஒலிப்பிரிவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ‘ஹெலிகாப்டர்’ என்பதை நம் செவி ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று பிரிக்கிறது. சொல்லின் பிறப்போ வேறு. சுருளைக் குறிக்கும் ‘ஹெலிக்ஸ்’, சிறகைக் குறிக்கும் ‘டெரான்’ என்னும் கிரேக்கச் சொற்கள் சேர்ந்து 1861-இல் பிரெஞ்சு மொழியில் உருவானது அது. சுழலும் சிறகு என்பது பொருள். அச்சகத்தார்க்கும் இந்தச் சிக்கல் உண்டு. வரியின் ஓரத்தில் சொல் ஒன்று முறியும்போது எங்கே கோடு இடுவது? ‘டெமாக்ரஸி’ என்ற சொல்லைப் பொருளை நோக்கி, ‘டெமோ’ என்பதன் பின் முறிப்பது பிரிட்டிஷ் மரபு. ஒலியை நோக்கி, ‘டெமாக்’ என்பதன் பின் முறிப்பது அமெரிக்க மரபு. இரண்டும் பிழையல்ல.

இதுவரை சொன்னவற்றிற்கெல்லாம் தமிழிலக்கணத்தில் துணை கிடைத்தது. இனிச் சொல்லப்போவது நமக்குப் புதியது. அதுவே அழுத்தம்.

தமிழில் ஓர் அசையை அழுத்திச் சொல்வதனால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. அசைகளை ஏறக்குறைய ஒரே வலிமையோடு சொல்லிச் செல்கிறோம். ஆங்கிலத்தில் அப்படியன்று. ‘பர்மிட்’ என்பதன் முதலசையை அழுத்தினால் அனுமதிச் சீட்டு. இரண்டாம் அசையை அழுத்தினால் அனுமதித்தல் என்னும் வினை. நெடுஞ்சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும். மற்றவற்றில் பல ஒடுங்கிவிடும். ஒடுங்கும் அசையின் உயிரொலி தன் இயல்பான உருவத்தையும் இழந்து, தேய்ந்த அகரம் போல் ஒலிக்கும். நாடு, பாக்கு முதலிய சொற்களின் ஈற்றில் உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்கிறோமே, ஏறத்தாழ அத்தகைய குறுக்கம் ஆங்கிலத்தில் எல்லா உயிர்களுக்கும் நேரிடுகிறது என்று கொள்ளுங்கள்.

மேலும் விகுதி மாறினால் அழுத்தமும் இடம் மாறும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதலசையில். படமெடுக்கும் கலையாகிய ‘ஃபடாகிரஃபி’ என்பதில் இரண்டாம் அசையில். ‘ஃபோட்டகிராஃபிக்’ என்பதில் மூன்றாம் அசையில். அவ்வாறே ‘கான்ஸ்டிட்யூட்’ என்ற வினையில் முதலசை. அரசியலமைப்பாகிய ‘கான்ஸ்டிட்யூஷன்’ என்பதில் மூன்றாம் அசை. ‘கான்ஸ்டிட்யூஷனாலிட்டி’ என்பதில் ஐந்தாம் அசை. பகுதி ஒன்றே, அழுத்தம் மட்டும் வாலை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது.

இந்த நகர்ச்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடியும் சொற்களில் அவ்விகுதிக்கு நேர் முன்னுள்ள அசையில் பெரும்பாலும் அழுத்தம் விழும். ‘லஜி’, ‘கிரஃபி’, ‘க்ரஸி’, ‘நமி’ என முடிபவற்றில் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் விழும். மருத்துவமனைப் பலகையில் நாம் கண்ட நான்கு பெயர்களும் இவ்விதிக்கு உட்பட்டவை. ‘மென்ட்’, ‘நெஸ்’, ‘ஃபுல்’, ‘லெஸ்’ ஆகியவை சாதுவான விகுதிகள்; அழுத்தத்தை அசைப்பதில்லை. ‘டெவலப்’ என்பதில் இரண்டாம் அசையில் உள்ள அழுத்தம் ‘டெவலப்மென்ட்’ என்பதிலும் அங்கேயே இருக்கும். நம்மில் பலர் முதலசையை அழுத்துகிறோம். ‘இன்ஜினியர்’ என்பதிலோ கடைசி அசையே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். விதி என்றால் விலக்கும் உண்டு. ‘பாலிட்டிக்ஸ்’, ‘டெலிவிஷன்’ ஆகிய இரண்டிலும் விதிக்கு மாறாக முதலசையிலேயே அழுத்தம் விழுகிறது.

இவையெல்லாம் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நேயர்கள் நினைக்கக்கூடும். அவ்வாறன்று என்பதற்கு என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் என் தம்பியோடு வசிக்கும் என் தாயார் நீரிழிவு நோயாளி. ஒரு குளிர்காலத்தில் எங்களோடு சில வாரம் தங்க டெல்லிக்கு வந்தார். அவர் புறப்படும் முன் தம்பி தொலைபேசியில், மருத்துவர் குறிப்பிட்ட நோய்நிலையின் பெயரைச் சொன்னான். ‘ஹைப்பர்கிளைசீமியா’ என்று என் காதில் விழுந்தது. சர்க்கரை மிகுந்திருக்கிறது என்று பொருள் செய்துகொண்டேன். அம்மாவின் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினோம். இரவு உணவையும் குறைத்தோம். மாத்திரைகளை மட்டும் தவறாமல் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அம்மாவின் குரல் கேட்டு எழுந்தேன். அந்தக் குளிரிலும் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. நான் செய்வதறியாது நின்றேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், சித்தப்பா கைப்பேசியில் அனுப்பியிருந்த மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தாள். “அப்பா, இது ஹைப்பர் இல்லை, ஹைப்போ! பாட்டிக்குச் சர்க்கரை குறைந்துபோயிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்கு ஓடி, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்தாள். அம்மாவால் விழுங்க முடிந்தது. கால் மணி நேரத்திற்குள் நடுக்கம் தணிந்தது. பொழுது புலர்ந்ததும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

‘ஹைப்போ’ என்றால் கீழ். ‘ஹைப்பர்’ என்றால் மேல். ‘கிளை’ என்பது இனிப்பு. ‘ஈமியா’ என்பது குருதியின் நிலை. மூன்று துண்டுகளுள் முதலாவது ஒன்றில்தான் வேறுபாடு. அதிலும் வேறுபடும் அசை இரண்டு சொற்களிலும் அழுத்தம் இல்லாத அசை. அழுத்தமற்ற அசை ஒடுங்கும் என்று சொன்னேன் அல்லவா? அந்த ஒடுக்கத்தில் மேலும் கீழும் ஒன்றாகிவிட்டன. சொற்களையே தொழிலாகக் கொண்ட நான், தம்பி சொன்னதை ஒருமுறை துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருந்தால், அல்லது ‘மிகுதியா, குறைவா?’ என்று தமிழிலேயே கேட்டிருந்தால், அந்த விடியற்காலை வந்திராது.

ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது. நெடுஞ்சொல் ஒன்று எதிர்ப்பட்டால் முதலில் வாலைப் பாருங்கள், விகுதியைக் கழற்றுங்கள். பின்பு தலையைப் பாருங்கள்; முன்னொட்டைக் கழற்றுங்கள். எஞ்சும் பகுதியின் பொருளை அறிந்து, மீண்டும் சேருங்கள். அதன் பிறகு உயிரொலிகளை எண்ணி அசைகளாக்குங்கள். எந்த அசை ஓங்குகிறது என்பதை அகராதியில் பாருங்கள். அழுத்தம் விழும் அசைக்கு முன் மேலே சிறு கோடு இட்டிருப்பார்கள். வாய் திரும்பாவிட்டால் கடைசி அசையிலிருந்து தொடங்குங்கள். முதலில் ‘ஷன்’, பிறகு ‘ட்யூஷன்’, பிறகு ‘ஸ்டிட்யூஷன்’, பிறகு முழுச்சொல். வாலிலிருந்து கட்டிக்கொண்டு வந்தால் சொல் நடுவழியில் முறியாது. வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்கும்போது, ஓங்கும் அசை வரும்போதெல்லாம் மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். தாளம் போடத் தெரிந்த நமக்கு அது எளிதில் கைவரும்.

மருத்துவம், மருந்து, சட்டம் ஆகியவற்றைச் சார்ந்த சொல்லாயின், கேட்டதோடு நில்லாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். புரியவில்லை என்று சொல்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் திருத்தினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பதிலாக நாம் பகுபத உறுப்பிலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். என் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பண்டமாற்று நடந்துவருகிறது. சென்ற வாரம் என் மகள் தாமரையைப் பிரித்துக் காட்டினாள். நான் டெவலப்மென்ட் என்ற சொல்லைப் பிழையின்றிச் சொன்னேன்.